வெள்ளவத்தையில அஞ்சு நாள், ரெண்டு சூட்கேஸ், ஒரு இடியப்ப உரல்

மே 10, 2025, சனி

யாழ்ப்பாணத்து பஸ் கொழும்பு வெள்ளவத்தையில இறக்கி விடேக்க விடிய அஞ்சு மணி ஆக பத்து நிமிசம். ஏசி பஸ் எண்டு 2,800 ரூபா குடுத்து ஏறினது, வவுனியா தாண்டினதில இருந்து எனக்கு மேல இருந்த ஏசி ஓட்டையால சொட்டுச் சொட்டா தண்ணி, கொண்டக்டர் தம்பி ஒரு ஷொப்பிங் பாக்கை கிழிச்சு செருகிவிட்டிட்டு "இனி வராது அக்கா" எண்டவர், புத்தளம் வரைக்கும் வந்தது. நடுங்கி நடுங்கி வந்து இறங்கினா வெளியில அந்த நேரத்திலயே புழுக்கம், கண்ணாடி புகையடிச்சு ஒண்டும் தெரியேல்ல. துடைச்சுப் போட்டுப் பார்த்தா பெரியப்பா நிக்கிறார். 84 வயசு, கையில குடை, மழையும் இல்ல. ஏன் வந்தனீங்கள் எண்டு ஏச, "லிப்ட் வேலை செய்யேல்ல, நீ பாக்கோட ஏற மாட்டாய்" எண்டு சொல்லிக்கொண்டு என்ர பாக்கை பறிக்கப் பார்க்கிறார். நான் விடேல்ல. மூண்டாம் மாடி. அவர் எனக்கு முன்னால ஏறிட்டார், எனக்குத் தான் மூச்சு வாங்கினது.

வந்த காரியத்தை சொல்லோணும். பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்த மாசக் கடைசியில கனடாவுக்கு அக்காவிட்ட போகினம், திரும்பி வாற எண்ணத்தோட இல்ல. வீட்டை ஒதுக்கிக் குடுக்க ஒரு ஆள் வேணும். என்னட்ட இப்ப நேரம் மட்டும் தான் இருக்கு, கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் செய்துகொண்டிருந்த புரொஜெக்ட்டுக்கு வந்த வெளிநாட்டுக் காசு ஜனவரியோட நிண்டிட்டுது. எட்டு வருசம் செய்த வேலை, ஒரு ஈமெயிலில முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஆரும் "சேவை", "மாற்றம்" எண்டு கதைச்சா எனக்கு கொட்டாவி வருது, பொய் சொல்லேல்ல, உண்மையா வருது.

காலமைச் சாப்பாடு கடை இடியப்பம். பத்து இடியப்பம், சொதி, சம்பல், 260 ரூபா. பெரியம்மா ஒண்டை தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்திட்டு "இது நூல் இல்லை பிள்ளை, கயிறு" எண்டா. முழங்கால் ஏலாமல் போனதில இருந்து அவ அவிக்கிறேல்ல, ஆனா கடைக்காரனை விடுறதாயில்ல.

பின்னேரம் முழுக்க புத்தகம் எண்ணினம். 412. மூண்டு மொழியில. பாதிக்கு மேல கடல் காத்தில பழுப்பாகி, திறந்தா ஓரம் பொரியுது. ஒரு நூலகத்துக்கு குடுக்கலாம் எண்டு கேட்டதுக்கு இடமில்லையெண்டு சொல்லிட்டினமாம். அதனால யாழ்ப்பாணத்துக்கு என்னோட வரப்போகுது, அங்க எங்க வைக்கிறதெண்டு என்னை ஆரும் கேக்கேல்ல.

மே 11, ஞாயிறு

விடிய அம்மாவின்ர கோல். கொத்மலைப் பக்கம் பஸ் ஒண்டு பள்ளத்தில விழுந்து இருபதுக்கு மேல சனம் செத்துப்போச்சு எண்டு ரீவியில போகுது, நீ எங்க நிக்கிறாய் எண்டு. நான் நேற்றே வந்து சேர்ந்திட்டன் எண்டு அவவுக்குத் தெரியும், தெரிஞ்சும் அழுறா. பெரியப்பா ரீவியை நிப்பாட்டாமல் அப்பிடியே பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்காமத்தில இருந்து வந்த பஸ், எல்லாம் ஏழைச் சனம்.

பேந்து சூட்கேஸ். ஒரு ஆளுக்கு ரெண்டு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவை, வாங்கின டிக்கெட்டுக்கு ஆளுக்கு ஒண்டு தானாம், 23 கிலோ. அக்கா அங்க இருந்து வட்சப்பில "உடுப்பு மட்டும் போடுங்கோ, இஞ்ச எல்லாம் இருக்கு" எண்டு கத்துறா. பெரியப்பா ஒரு தராசு வாங்கி வச்சிருக்கிறார், கொழுவித் தூக்கிப் பார்க்கிற சாமான், புறக்கோட்டையில 900 ரூபா. ஒவ்வொரு புத்தகமா தூக்கித் தூக்கி நிறுத்து, கொப்பியில எழுதி, கூட்டிக் கழிச்சு, இந்த மனுசன் 12 புத்தகத்துக்கு மூண்டு மணித்தியாலம்.

நிறுக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கதை இருக்கு. அவற்ற அப்பா 1927ல காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது நடந்து போய் பார்த்தவராம். காந்தியைக் கூப்பிட்டது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதி வேண்டாம், இன வாரியா பிரதிநிதித்துவம் வேண்டாம், முழு சுயராச்சியம் வேணும் எண்டு சொல்லி 1931 தேர்தலையே பகிஸ்கரிச்ச பொடியள். பெரியப்பா பிறந்தது 41ல. 53 ஹர்த்தால் நடக்கேக்க 12 வயசு. ஒரு கொத்து அரிசி 25 சதத்தில இருந்து 70 சதமா ஏறினதுக்கு நாடே எழும்பினது, மந்திரிசபை பயந்து துறைமுகத்தில நிண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குள்ள போய் கூட்டம் வச்சது. இதைச் சொல்லேக்க அவருக்கு இண்டைக்கும் சிரிப்பு அடக்கேலாது. ஹர்த்தாலை முன்னுக்கு நிண்டு நடத்தின இடதுசாரிக் கட்சி லங்கா சமசமாசக் கட்சி, அதில சேரத் தான் 61ல கிளாக் வேலை கிடைச்சு கொழும்புக்கு வந்தன் எண்டு சொல்லுறார். வேலைக்கு வந்தனீங்களோ கட்சிக்கு வந்தனீங்களோ எண்டு பெரியம்மா உள்ளுக்க இருந்து கேட்டா. பதில் இல்ல.

அந்தக் கட்சித் தலைவர்களில ஒராள் கொல்வின் ஆர். டி சில்வா, அவரில பெரியப்பாவுக்கு அப்ப சரியான பக்தி. 56ல தனிச் சிங்களச் சட்டம் வரேக்க பாராளுமன்றத்தில எழும்பி, ரெண்டு மொழி எண்டால் ஒரு நாடு, ஒரு மொழி எண்டால் ரெண்டு நாடு எண்ட மாதிரி சொன்ன மனுசன். அதே மனுசன் தான் 72 மே 22ல வந்த குடியரசு யாப்புக்குப் பொறுப்பான மந்திரி. சிங்களம் அரச மொழி, பௌத்தத்துக்கு முதலிடம், அதுக்கு முந்தியிருந்த சோல்பரி யாப்பில சிறுபான்மைக்கெண்டு இருந்த 29ம் பிரிவு இல்லை. "அண்டைக்கு ராத்திரி நான் சாப்பிடேல்ல" எண்டார் பெரியப்பா. "சாப்பிட்டனீங்கள். புட்டு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினனீங்கள்" எண்டு உள்ளுக்க இருந்து.

கட்சியை விட்டிட்டார், யூனியனை விடேல்ல. 80 ஜூலை பொது வேலைநிறுத்தம். மாசம் 300 ரூபா கூட்டித் தரச் சொல்லிக் கேட்டது. ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசாங்கம் ஒரே அடியா 40,000 பேருக்கு மேல வீட்ட அனுப்பினது, வேலையை விட்டு நீங்களா போனதா கணக்கு எண்டு கடிதம் வந்தது. பெரியப்பாவின்ர கடிதம் லமினேட் பண்ணி வச்சிருக்கிறார். 83 கலவரத்தில வீடு எரிஞ்சபோது அது யூனியன் ஒபிசில கிடந்ததால தப்பினது. நிறுத்துப் பார்த்தார், தராசில முள்ளு அசையேல்ல. நேர சூட்கேசுக்குள்ள.

பின்னேரம் வெக்கை தாங்காமல் காலிமுகத்திடலுக்கு போனன், தனிய. நாளைக்கு பௌத்த ஆக்களின்ர வெசாக் பண்டிகை எண்டு லைட் கூடு எல்லாம் கட்டி, பட்டம், பலூன், நல்ல சனம். இஸ்ஸோ வடை ஒண்டு 200 ரூபா, இறால் மூண்டு ஒட்டியிருந்தது, மூண்டாவது வால் மட்டும். ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால நிண்டு பார்த்தன். 2022 மேயில ஒரு பயிற்சிப் பட்டறைக்கு வந்த சாட்டில இந்த இடத்துக்கு வந்தனான், ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொல்லிப் போராடின ஆக்களின்ர கூடாரம் கூடாரமா ஒரு ஊர். லைப்ரரி, சட்ட உதவி, சினிமாக் கொட்டில், பெரிய சமையல் கொட்டில். யாழ்ப்பாணத்தில கனபேர் "இது அவையின்ர பிரச்சனை" எண்டு ஒதுங்கி நிண்டவை, நானும் பாதி அப்பிடித்தான். ஆனா அந்த மே 18ல இதே இடத்தில முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்தினம், போரின்ர கடைசியில சனம் குடிச்ச கஞ்சியின்ர நினைவா. இதுக்குக் கொஞ்சம் தள்ளி முந்தி போர் வெற்றி கொண்டாடின இடம். ஒரு சிங்களப் பெட்டை, இருவது வயசு இருக்கும், கஞ்சிச் சிரட்டையை எப்பிடிப் பிடிக்கிறதெண்டு தெரியாமல் ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு நிண்டவள். உப்பில்லாத கஞ்சி. அவள் முழுக்கக் குடிச்சவள்.

ரெண்டு மாசத்தில ஜனாதிபதி ஓடினார், ஜூலை 22 விடியப்புறம் ஆமி வந்து கூடாரத்தை பிடுங்கினது. இப்ப அந்த இடத்தில ஒரு அடையாளமும் இல்ல. பக்கத்தில கடலை நிரப்பி எடுத்த போர்ட் சிட்டி, பின்னால பெரிய ஹோட்டல் லைட்டுகள். கோசம் போட்ட ஆக்களின்ர பேர் எனக்கு பத்து பேரின்ர தெரியும். அந்தக் கொட்டிலில அண்டா கழுவினது ஆரெண்டு தெரியேல்ல. இது ஏன் அப்ப தோணினதெண்டும் தெரியேல்ல, வடை எண்ணெயை துடைக்க பேப்பர் தேடிக்கொண்டிருந்தன்.

மே 12, திங்கள், வெசாக்

இண்டைக்கு இறைச்சிக் கடை, சாராயக் கடை எல்லாம் பூட்டு. வெள்ளவத்தைத் தமிழ்க் கடைகள் பாதி திறந்து பாதி பூட்டி. பாமன்கடைப் பக்கம் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கப் போனன், புத்தகத்துக்கு. கடைக்காரர் பெட்டிக்கு 50 ரூபா கேக்கிறார். வெறும் பெட்டிக்கு! பிஸ்கட் வந்த பெட்டி, எறியிற பெட்டி. ஆறு வாங்கினன், 300.

திரும்பி வாற ஓட்டோவை நாலு பொடியள் கொடி பிடிச்சு நடு ரோட்டில மறிச்சிட்டாங்கள். எனக்கு நெஞ்சு திக்கெண்டது, எங்கட ஆக்களுக்கு ரோட்டில ஆரும் மறிச்சா முதல் வாறது அந்தப் பயம் தான், என்ன செய்யிறது. பார்த்தா தன்சல், வெசாக்குக்கு போறவாற ஆக்களுக்கு சும்மா சாப்பாடு குடுக்கிற கொட்டில். மரவள்ளிக்கிழங்கு அவிச்சு, தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும். ஓட்டோக்காரர் நிப்பாட்டிட்டு இறங்கிப் போயே போயிட்டார், மீற்றர் ஓடுது. எனக்கு சிங்களம் அரைகுறை, வேண்டாம் எண்டு சொல்லத் தெரிஞ்ச வசனம் எல்லாம் அவங்களுக்கு விளங்காத மாதிரி நடிக்கிறாங்கள், கையில தட்டைத் திணிச்சாச்சு. ஆறு பெட்டியையும் மடியில வச்சுக்கொண்டு சாப்பிட்டன். உறைப்பு எண்டா அப்பிடி ஒரு உறைப்பு, கண்ணில தண்ணி வர அதில ஒருத்தன் ஓடிப்போய் அடுத்த தெரு தன்சலில இருந்து ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வந்தான். வரிசையில நிண்டு வாங்கினதாம். ஓட்டோக்காரர் கடைசியில மீற்றரைப் பார்த்திட்டு தானே 80 ரூபா குறைச்சார், தான் சாப்பிட்ட நேரத்துக்கு.

கொட்டிலுக்குப் பின்னால எட்டிப் பார்த்தன். நாலு பெம்பிளையள், ஒரு மலை மரவள்ளிக்கிழங்கு, தோல் உரிச்சுக்கொண்டு இருக்கினம். விடிய ரெண்டு மணியில இருந்தாம். கொடி பிடிக்கிறதுக்கு பொடியளுக்குள்ள அடிபாடு, உரிக்கிறதுக்கு ஒருத்தரும் வரேல்ல.

வீட்ட வந்து இதைச் சொல்ல பெரியப்பா பிடிச்சுக்கொண்டார். வருசத்தில ரெண்டு நாள் தானம் பண்ணிட்டு மிச்ச நாள் கண்ணை மூடுறது இலட்சியம் இல்லை, அமைப்பு மாறோணும், அது இதெண்டு அரை மணித்தியாலம். நியாயமான கதை தான். ஆனா எனக்கு வயிறு நிறைஞ்சிருந்தது, நித்திரை வந்திட்டுது.

மே 13, செவ்வாய்

காலமையில இருந்து மழை. லேசான மழை இல்ல, மரைன் ட்ரைவ் முழுக்க வெள்ளை, கடலும் ரெயில் பாதையும் தெரியேல்ல. பெட்டி ரெண்டை பல்கனியில வச்சது மறந்துபோய், ஒண்டு ஊறி அடி கழண்டிட்டுது. அதுக்குள்ள இருந்தது லெனின் தொகுதிகள். பேனுக்கு கீழ விரிச்சுக் காயப் போட்டிருக்கு, வீடு முழுக்க.

இண்டைக்குத் தான் சண்டை. பெரியம்மா தன்ர சூட்கேசில இடியப்ப உரலை வச்சிருக்கிறா, மர உரல், நிறுத்தா ரெண்டரை கிலோ. பெரியப்பா அதை எடுத்துப் போட்டிட்டு நாலு புத்தகம் வச்சிட்டார். அவ கண்டிட்டா.

"இஞ்சருங்கோ, உதை திருப்பி வையுங்கோ."

"அங்க கடையில விக்குது. உமக்கு முழங்காலும் ஏலாது."

"உங்கட புத்தகமும் அங்க விக்குது. உங்களுக்கு கண்ணும் ஏலாது."

நான் லெனினைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தன். அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தவர், அவ அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில வச்சா. பழைய 80 பக்கக் கொப்பி, மூலை எல்லாம் எலி கடிச்ச மாதிரி. பெரியப்பா எழும்பி பல்கனிக்குப் போயிட்டார்.

80 ஜூலைக்குப் பிறகு இந்தக் குடும்பத்தில சம்பளம் இல்லை. பிள்ளையளுக்கு ஆறு வயசும் மூண்டு வயசும். பெரியம்மா ஒரு காப்பை வித்து உரல், தட்டு, மாவு வாங்கி, விடிய மூண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு வித்திருக்கிறா, ஒண்டு 20 சதம். எனக்கு இது தெரியும், குடும்பத்தில எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, வேலை போன மற்ற ஆக்கள் வந்து சாப்பிட்டது. யூனியன் ஆக்கள், முக்கால்வாசி சிங்களவர். அந்தக் கொப்பி முழுக்க அவையின்ர பேர், திகதி, இடியப்பம் 8, இடியப்பம் 12, சொதி ரெண்டாந்தரம், காசு இல்ல, காசு இல்ல, காசு இல்ல. மூண்டு வருசம். 83 ஜூலையில வீடு எரியேக்க பாஸ்புக் எண்டு நினைச்சு அவசரத்தில இதை எடுத்துக்கொண்டு ஓடினவ, பாஸ்புக் எரிஞ்சுபோச்சு. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில வச்சுத் தான் கண்டவ என்னத்தை கொண்டு வந்திருக்கிறன் எண்டு. சிரிச்சவவாம். அழுதிருப்பா, எனக்கு அப்பிடிச் சொல்லேல்ல.

வாங்கிறேல்ல எண்டு தெரிஞ்சும் ஏன் பெரியம்மா கணக்கெழுதினனீங்கள் எண்டு கேட்டன்.

"எழுதாட்டி அது தருமம் ஆயிடும் மோனை. வேலை போனாலும் அவங்கள் தருமச் சோறு தின்னுற ஆக்கள் இல்லை. எழுதினாத் தான் அடுத்த நாளும் வருவாங்கள்."

ஒருத்தர் மட்டும், கம்பஹாப் பக்கத்து ஆள், 94ல தேடிப் பிடிச்சு வந்து 62 ரூபா 40 சதம் குடுத்தவராம். அவ வாங்கி, எண்ணி, அந்தப் பேரை சிவப்புப் பேனையால வெட்டி, அவரை இருத்தி இடியப்பம் குடுத்து அனுப்பினவ. அந்தச் சிவப்புக் கோடு இருக்கு, பார்த்தன்.

அப்ப உண்மையில கட்சி நடத்தினது நீங்கள் தான் எண்டு நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்ல, அவவுக்கு கோவம் வந்திட்டுது. "உப்பிடியெல்லாம் எழுதிப் போடாதை. எனக்கு அப்ப எல்லாரிலயும் ஆத்திரம். உன்ர பெரியப்பாவில, வாறவங்களில, ஜே.ஆரில. ஒவ்வொரு நாளும் நாளைக்கு அவிக்கிறேல்ல எண்டு நினைச்சுத் தான் படுப்பன்." அதனால அதையும் எழுதிப் போட்டிருக்கிறன்.

எனக்கு ராத்திரி நித்திரை வரேல்ல. எங்கட புரொஜெக்ட்டில பின்னேர வகுப்புப் பிள்ளையளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சின அக்கா ஒராள். ஜனவரியில காசு நிண்டதும் நான் ஒரு நன்றிக் கடிதம் அடிச்சு, சீல் குத்தி, எல்லாருக்கும் குடுத்திட்டு யாழ்ப்பாணம் வந்திட்டன். அந்த அக்கா மாசி, பங்குனி ரெண்டு மாசமும் தன்ர அரிசியில காய்ச்சினவ எண்டு பிறகு கேள்விப்பட்டன். சித்திரையோட அவவுக்கும் ஏலாமல் போச்சு. நான் போன் எடுக்கேல்ல. எடுத்து என்னத்தைச் சொல்லுறது எண்டு விட்டிட்டன். நான் எட்டு வருசம் சம்பளத்துக்கு இலட்சியவாதியா இருந்தனான், சம்பளம் நிக்க இலட்சியம் செத்துப்போச்சு எண்டு மூண்டு மாசமா ஊர் முழுக்கப் புலம்பிக்கொண்டு திரியிறன்.

மே 14, புதன்

கொள்ளுப்பிட்டியில ஒரு கம்பனியில இன்டர்வியூ. இதை வீட்டில சொல்லாமல் தான் வந்தனான். சமூகப் பொறுப்புப் பிரிவாம், மாசம் 1,80,000. என்னை விட வயசு குறைஞ்ச ஒரு தம்பி, நல்ல மரியாதையான பிள்ளை, என்ர சிவியைப் பார்த்திட்டு "நீங்க கொஞ்சம் ஐடியலிஸ்டிக் மாதிரி இருக்கு மிஸ், இங்க டார்கெட் எல்லாம் இருக்கு" எண்டார். எங்களுக்கும் டார்கெட் இருந்தது தம்பி, மாசம் 140 வீடு எண்டன். எழுதிக்கொண்டார். கோப்பி நல்ல கோப்பி. அறிவிப்பினமாம்.

மத்தியானம் வந்து பார்த்தா ரெண்டு சூட்கேசும் பூட்டி ஹோலில நிக்குது. உரல் உள்ளுக்கு. புத்தகம் அஞ்சு தான் போகுது. கடிதமும் போகுது. கொப்பியை என்ன செய்யிறதெண்டு கேட்டதுக்கு பெரியம்மா "உன்ர பெட்டியில போடு, அங்க கொண்டுபோய் ஆரிட்டக் காசு கேக்கிறது" எண்டா. பெரியப்பா அதை ஒரு பொலித்தீன் பாக்கில சுத்தி, டேப் ஒட்டி, மேல தமிழிலயும் சிங்களத்திலயும் ஏதோ எழுதினார். என்னெண்டு வாசிக்கப் போக, கையால மறைச்சிட்டார்.

ராத்திரி பஸ். இதிலயும் அஞ்சாறு நிமிசம் நாடகம். ஆறு பெட்டிக்கும் 3,000 வேணும் எண்டு கொண்டக்டர், வந்தபோது ஷொப்பிங் பாக் செருகின அதே தம்பி. பேரம் பேசி 2,400க்கு கொண்டுவந்தன், பேர்சைத் திறந்தா 2,000 தான் இருக்கு, மற்றதெல்லாம் இஸ்ஸோ வடையும் வெறும் பெட்டியுமா போயிட்டுது. ஏடிஎம் தேடப் போனா பஸ் போயிடும். அவர் போன் லைட்டைப் பிடிச்சு ஒரு சின்னக் கொப்பியை எடுத்து "வெள்ளவத்தை அக்கா 400" எண்டு எழுதினார். "பிறகு தாங்கோ அக்கா, நான் வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் ஸ்டாண்டில நிப்பன்."

இந்தமுறை ஏசி சொட்டேல்ல. வெள்ளிக்கிழமை ஸ்டாண்டுக்குப் போகோணும், அங்க இருந்து கிளிநொச்சி பஸ் எடுக்கலாம், ரெண்டு மாசத்துக்கு எத்தினை கிலோ அரிசி முடிஞ்சதெண்டு கேக்கோணும்.